விரிந்த பரசூட்டும் ஆபத்தாகலாம்

வானிலிருந்து குதிக்கும் விளையாட்டில் ஒருவர் உயிரிழந்தார் என்ற செய்தி மேலை நாடொன்றிலிருந்து வரும்போது, அவரது பரசூட் விரியாமற் போயிருக்கும் என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால், பல சந்தர்ப்பங்களில் உண்மை இதற்கு நேர்மாறானதாகும். எவ்விதப் பழுதுமின்றி முழுமையாக விரிந்த பரசூட்டின் கீழ், தரையை அண்மித்த இறுதிச் சில விநாடிகளில் நேரும் தவறுகள் இவ்விளையாட்டின் உயிரிழப்புகளிலும் படுகாயங்களிலும் கணிசமான பங்கை வகிக்கின்றன. இத்தவறுகளுக்கான வித்து, பெரும்பாலும், பரசூட்டை விலைக்கு வாங்கும் வேளையிலேயே இடப்பட்டு விடுகின்றது.

ஐக்கிய அமெரிக்க பரசூட் சங்கத்தின் கணக்கின்படி 2021 ஆம் ஆண்டில் அந்நாட்டில் சுமார் 35 இலட்சத்து 70 ஆயிரம் குதிப்புகள் இடம்பெற்றன. உயிரிழந்தோர் 10 பேர். 1970களில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 40 இற்கும் மேற்பட்டோர் பலியாகினர் என்பதுடன் ஒப்பிடும்போது இது பெரும் முன்னேற்றமாகும். இதற்கு உபகரணங்களின் வளர்ச்சி முக்கிய காரணமாகும். 1960களில் டொமினா ஜால்பேர்ட் உருவாக்கிய, காற்றால் நிரம்பிச் சிறகுபோல் செயற்படும் பரசூட், பழைய வட்ட வடிவப் பரசூட்டுகளை இவ்விளையாட்டிலிருந்து படிப்படியாக அகற்றியது. பழுதடைந்த பரசூட்டை நொடியில் கழற்றிவிடுவதற்கு பில் பூத் 1970களில் வடிவமைத்த மூவளையப் பொறிமுறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எனினும், சிறகாக மாறிய பரசூட் வேகமும் பெற்றது. காற்றை ஊடுருவ விடாத துணி வந்த பின்னர் அதனை மேலும் சிறிதாக்கவும், மேலும் விரைவாகப் பறக்கச் செய்யவும் முடிந்தது. இவ்வேகமே இன்று புதியவர்களின் பிரச்சினையாக உருவெடுத்துள்ளது.

அமெரிக்காவில் ஒருவர் 25 குதிப்புகளையும் உரிய பரீட்சைகளையும் நிறைவு செய்தால் முதலாவது தரமான 'ஏ' அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். அதுவரை பயிற்சிக் கூடத்தின் பெரிய, சாதுவான பரசூட்டையே பயன்படுத்தும் அவர், அடுத்ததாக சொந்த உபகரணத்தை நாடுகின்றார். நிறம், பெயர் பெற்ற நிறுவனம், அனுபவசாலிகள் எதனை அணிகின்றனர் என்பன அவரது கண்ணைக் கவர்கின்றன. முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வியோ அதன் பரப்பளவு எத்தனை சதுர அடி என்பதேயாகும்.

இதனைக் கணிப்பதற்கு ஓர் எளிய அளவீடு உண்டு. குதிப்பவரின் எடையையும் அவர் சுமக்கும் முழு உபகரணத்தின் எடையையும் இறாத்தலில் கூட்டி, பிரதான பரசூட்டின் சதுர அடிப் பரப்பளவால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணைச் சிறகுச் சுமை எனலாம். 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சுமார் 12 கிலோ உபகரணத்துடன் குதிப்பதாகக் கொள்வோம். மொத்தம் 87 கிலோ, அதாவது ஏறத்தாழ 192 இறாத்தல். பயிற்சிக்கால 260 சதுர அடிப் பரசூட்டில் அவரது சிறகுச் சுமை 0.74 ஆகும். 190 சதுர அடியில் அது 1.0 ஐ எட்டுகின்றது. 150 சதுர அடியில் 1.28 ஆகின்றது. பார்வைக்கு அற்பமான வித்தியாசமே. ஆனால், தரையில் மோதும்போது வெளிப்படும் சக்தி சிறகுச் சுமைக்கு நேர்விகிதத்தில் அதிகரிக்கின்றது. 260 இலிருந்து 150 இற்குத் தாவும் அதே மனிதர், அதே எலும்புகளுடன், 70 சதவீதத்திற்கும் அதிகமான சக்தியைத் தாங்க வேண்டியவராகின்றார். புதியவர் ஒருவர் 1.0 இற்கு மேற்செல்லலாகாது என்பது அனுபவமிக்க பயிற்றுநர்கள் பரவலாகக் கூறும் அறிவுரையாகும்.

இவ்வெண்ணை மாத்திரம் நம்பியிருப்பதும் போதாது. பரசூட் சிறிதாகும்போது அதன் கயிறுகளும் குறுகுகின்றன. அதனால் அது மேலும் சடுதியாகத் திரும்பும். எனவே, எடை குறைந்த ஒருவர், குறிப்பாகப் பெண்கள் பலர், 135 சதுர அடிப் பரசூட்டில் 1.0 என்ற சுமையுடன் பறப்பதும், கனத்த ஒருவர் 230 சதுர அடியில் அதே சுமையுடன் பறப்பதும் ஒன்றல்ல. இடமும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் போன்ற பிரதேசங்களில் காற்று ஐதானது. அங்கு அதே பரசூட் சுமார் 8 சதவீதம் அதிக வேகத்தில் தரையிறங்கும். கோடை வெப்பத்தில் இது இன்னும் கூடும்.

"நூறு தடவை குதித்தேன், எதுவும் நேரவில்லை" என்று சிறிய பரசூட்டை வாங்கிய இளைஞர்கள் வாதிடுவதுண்டு. அந்த நூறு தடவையும் திறந்த மைதானத்தில், சீரான காற்றில் இறங்கியவர்கள் அவர்கள். நூற்றியோராவது தடவை காற்று திசை மாறி, மைதானத்தை அடைய முடியாமல், வேலிகளும் மின்கம்பிகளும் சூழ்ந்த சிறு வெளியொன்றில் இறங்க நேரலாம். தரைக்கு நூறு அடி உயரத்தில் தடையைக் கண்டதும் கை தானாகவே ஒரு பக்கக் கைப்பிடியைப் பலமாக இழுக்கும். பரசூட் சரிந்து, குதிப்பவரை வெளிப்புறமாக வீசியெறிந்து, கீழ்நோக்கிப் பாயும். பெரிய பரசூட்டில் கால் முறிவுடன் தப்பக்கூடிய இத்தவறு, சிறியதில் மரணமாக முடியலாம். வேகத்தைத் தணித்தபடி மெல்லத் திரும்பும் முறை உண்டுதான். அதனை உயரத்தில் பலமுறை பழகாதவருக்கு அந்த நொடியில் அது கைகொடுப்பதில்லை.

அவசரகாலப் பரசூட்டின் அளவைப் பற்றி எவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. இதனையே நாம் மிகுந்த விசனத்துடன் நோக்குகின்றோம். அதன் மீது அச்சிடப்பட்டுள்ள உச்ச எடை, துணியும் தையலும் எதனைத் தாங்கும் என்பதைக் காட்டுகின்றதேயன்றி, குதிப்பவர் எதனைக் கையாள வல்லவர் என்பதைக் காட்டவில்லை. ஜேர்மனியின் எயார்டெக் நிறுவனம் 1991 இல் அறிமுகப்படுத்திய 'சைப்ரஸ்' போன்ற தன்னியக்கக் கருவிகள், அனுமதிப்பத்திரம் பெற்றவர்களுக்கான வகையில், தரைக்கு சுமார் 750 அடி உயரத்திலும் ஒருவர் மணிக்கு 78 மைல் அளவிலான வேகத்தைத் தாண்டி விழுந்துகொண்டிருப்பாராயின், மூடுகயிற்றை வெட்டி அவசரகாலப் பரசூட்டை விடுவிக்கும். நினைவிழந்தவரும் இவ்வாறு காப்பாற்றப்படலாம். ஆயின், நினைவிழந்தவர் கைப்பிடிகளை இழுத்து வேகத்தைக் குறைக்கப் போவதில்லை. அவரை அப்பரசூட் தானாகவே தரையில் இறக்க வேண்டும். பிரதான பரசூட்டைவிடச் சிறிய அவசரகாலப் பரசூட்டைப் பொதியில் வைத்துக்கொள்வது அத்தருணத்தில் எவ்வளவு விபரீதமானது என்பதை விளக்கத் தேவையில்லை.

நெதர்லாந்தில் குதிப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எத்தகைய பரசூட்டைப் பயன்படுத்தலாம் என்பது விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் இவ்விடயம் நீண்ட காலமாக அறிவுரைகளுக்கும் தனிமனித விருப்புக்குமே விடப்பட்டு வந்துள்ளது. தனிமனித சுதந்திரத்தைப் பெரிதும் போற்றும் சமூகத்தில் அது வியப்புக்குரியதல்ல. எனினும், 25 குதிப்புகளை முடித்தவர் தமது திறமையைத் தாமே மதிப்பிட வல்லவரா என்பது ஐயத்திற்குரியதே.

புதிய உபகரணத் தொகுதியொன்றின் விலை பல ஆயிரம் டொலர்களாதலால் பெரும்பாலானோர் பாவித்தவற்றையே வாங்குகின்றனர். அதில் தவறேதுமில்லை. ஆனால், அனுபவசாலி ஒருவர் விற்பது அவரது அளவுக்குரியதேயன்றி வாங்குபவரின் அளவுக்குரியதல்ல. உடலைப் பிணைக்கும் பட்டிகள் நெட்டையானவருக்கெனத் தைக்கப்பட்டவையாயின் குட்டையானவரை அவை இறுகப் பற்றமாட்டா. அமெரிக்காவில் சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பவியலாளர் மாத்திரமே அவசரகாலப் பரசூட்டை மடித்துப் பொதிய முடியும். அதுவும் 180 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர், விற்பவருடன் தொடர்பற்ற அத்தகைய ஒருவரிடம் துணி, கயிறுகள், தன்னியக்கக் கருவியின் எஞ்சிய ஆயுட்காலம் ஆகியவற்றைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்வது அவசியமாகும்.

சிக்கனத்தின் பெயரால் விரிக்கப்படும் வலையொன்றும் உண்டு. முதுகில் சுமக்கும் பொதி குறிப்பிட்ட அளவிலான பரசூட்டுக்கென்றே தைக்கப்படுவது. எப்படியும் ஓரிரு வருடங்களில் சிறிய பரசூட்டுக்கு மாறப்போகின்றோம், இரண்டு முறை ஏன் செலவிட வேண்டும் என்று கருதி, 150 சதுர அடிக்கான பொதியை முதலிலேயே வாங்குபவர்கள் உள்ளனர். அதனுள் 190 அடங்காது. ஆகவே, பரசூட்டும் சிறிதாகின்றது. மாறாக, 190 சதுர அடிக்குரிய பாவித்த தொகுதியை வாங்கி, நூறு, நூற்றைம்பது குதிப்புகளின் பின்னர் அடுத்த புதியவருக்கு விற்றால் பெரிய நட்டம் ஏற்படப் போவதில்லை. நல்ல நிலையிலுள்ள அவ்வளவுப் பொதிகளுக்கு வாங்குவோர் எப்போதும் இருக்கின்றனர்.