ரிம்முக்குள்ளே ஒரு ரகசிய உலகம்!

பழைய டிராக்டர் கண்காட்சியில் கூட்டமெல்லாம் எஞ்சினையும் பெயின்ட்டையும் மொய்த்துக்கொண்டு நிற்கும். என் கண் மட்டும் நேராகச் சக்கரத்துக்குத்தான் போகும். வண்டியைப் புதுப்பித்தவர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பதை ரிம்மும் டயரும் போட்டு உடைத்துவிடும்! வாங்க, பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

நம் கதாநாயகன் ஃபோர்டு 8-என். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947 முதல் 1952 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. சிவப்பு உடம்பு, வெளிர் சாம்பல் பானெட். பார்த்தாலே அள்ளிக் கொஞ்சத் தோன்றும்.

முதல் காட்சியே அமர்க்களம். பின் டயரைக் கழற்றப் போனால், டியூபிலிருந்து காற்றோடு தண்ணீரும் பீய்ச்சி அடிக்கும்! உழும்போது சக்கரம் வழுக்காமல் இருக்க எடை வேண்டும். அதற்காக டயருக்குள்ளேயே தண்ணீர் நிரப்புவது அந்த ஊர் விவசாயிகளின் வழக்கம். குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அதில் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்தார்கள். எடையும் கூடியது, உறையவும் இல்லை. ஆனால் வால்வு ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்த அந்த உப்புத் தண்ணீர், பல ஆண்டுகளாக ரிம்மை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் ரிம், உள்ளே வால்வுத் துளையைச் சுற்றி அப்பளமாக நொறுங்கும். டயரைக் கழற்றும் வரை யாருக்கும் தெரியாது. இந்த நொடிக்காகவே நான் பட்டறைகளுக்குப் போவேன்!

துரு லேசாக இருந்தால் கம்பி பிரஷ் போதும். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, அதே வளைவில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, மழமழவென்று தேய்ப்பார்கள். சின்னப் பிசிறு மிஞ்சினாலும் டியூபைக் குத்திக் கிழித்துவிடும். பழைய ரிம்கள் சிலவற்றில் துருவைச் சுரண்டச் சுரண்டத் தயாரிப்பாளரின் முத்திரை எழும்பி வரும் பாருங்கள், அடடா! அப்படிப்பட்ட ரிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது பாவம் என்பேன்.

அடுத்தது அளவு. இங்கேதான் முதன்முறை இறங்குகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பழைய கையேட்டில் பின் டயர் 10-28 என்று இருக்கும். கடையில் கேட்டால் 11.2-28 என்பார்கள். இரண்டும் ஒன்றேதான்! இடையில் அளவு எழுதும் முறை மாறிவிட்டது. 28 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆனால் வெளி விளிம்பில் டேப் பிடித்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும். டயரின் ஓரம் உட்காரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். அகலத்தையும் அப்படியே, இரு விளிம்புகளுக்கு உள்பக்கமாக.

அகலம் பொருந்தாவிட்டால் என்ன? குறுகிய ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் நடுப்பகுதி உப்பி, அது மட்டும் தரையில் தேயும். அகன்ற ரிம்மில் சின்ன டயர் மாட்டினால் தோள்கள் இழுபட்டுத் தட்டையாகிவிடும். பெரிய டயர்தான் கம்பீரம் என்று ஆசைப்பட்டு ஏற்றினால், சக்கரங்களை நெருக்கி வைத்திருக்கும் வண்டியில் அது மட்கார்டில் உரசவும் கூடும். முன்பக்கம் 4.00-19 என்ற ஒல்லி டயர். அதற்குப் பதில் 16 அங்குலச் சக்கரம் மாட்டிய வண்டிகள் உண்டு. உழைக்கும் வண்டிக்குச் சரி, கண்காட்சி வண்டிக்கு எனக்கு மனசு ஒப்பாது.

ரப்பர் டயர் டிராக்டருக்கு வந்த கதையே ஒரு கொண்டாட்டம். 1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தார் தங்கள் மாடல் யூ டிராக்டரில் விமான டயர்களை மாட்டிச் சோதித்தார்கள். அதுவரை இரும்புச் சக்கரம்தான். உழவர்கள் நம்ப வேண்டுமே! கார் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை ஏற்றி 1933-ல் ஓட்டவிட்டார்கள். மணிக்கு 64 மைலைத் தாண்டிப் பறந்தார், டிராக்டரில்! பிறகு இரண்டாம் உலகப் போரில் ரப்பர் பஞ்சம் வந்தபோது, 8-என்னுக்கு முந்தைய ஃபோர்டு 2-என் சில காலம் மறுபடி இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்தது. அந்தக் காலத்து வண்டியை வைத்திருக்கும் ஒருவர் ரப்பரை விட்டுவிட்டு இரும்புச் சக்கரம் தேடி அலைந்தால் வியக்காதீர்கள்!

எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு இனிமேல்தான். 8-என்னின் பின் சக்கரத்தில் நடுத் தட்டு தனி, ரிம் தனி. தட்டைத் திருப்பி, ரிம்மைத் திருப்பி, இடது வலது மாற்றி மாற்றிப் பூட்டினால் இரு சக்கரங்களின் இடைவெளி 48 அங்குலத்திலிருந்து 76 வரை, நான்கு நான்கு அங்குலமாகக் கூடும். பயிர் வரிசைக்கு ஏற்ப வண்டியே கால் அகட்டி நிற்கும்! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னாலிருந்து பார்த்தால் டயர்ப் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய வண்டியைக் கண்காட்சியில் தெரிந்தவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாகக் காற்று. ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி மெல்ல ஏற்றினால், 'டப்' என்று ஒரு பக்கம் உட்காரும், 'டப்' என்று மறுபக்கமும்! அந்தச் சத்தத்துக்குப் பட்டறையே கைதட்டும்.

இந்த வேலையில் இறங்கப்போகும் நண்பர்களே, உங்களிடம் இரண்டே வேண்டுகோள். டயரை உட்கார வைக்க 35 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில், காற்றை இறக்கியிருந்தாலும், வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே சூடேறி டயர் வெடித்தால் ஆளையே கொன்றுவிடும். முதலில் டயரைக் கழற்றுங்கள், பிறகு பற்றவையுங்கள்.