சிற்றூர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர்: நியூயார்க் மாநிலத்தின் ஒரு பதவியும் அதன் சுமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்புச் சட்டத்தில் கல்வியைப் பற்றி ஒரு விதிகூடக் கிடையாது. அந்தப் பொறுப்பு மாநிலங்களைச் சேர்ந்தது. மாநிலங்களோ அதன் பெரும்பகுதியை உள்ளூர் மக்களிடமே ஒப்படைத்தன. அப்படி ஒப்படைக்கப்பட்ட நிர்வாக அலகுக்குப் பள்ளி மாவட்டம் என்று பெயர். அது வருவாய் மாவட்டத்தைப் போலப் பரந்து கிடக்க வேண்டியதில்லை. ஒரு சிற்றூரும் அதைச் சுற்றியுள்ள சில குடியிருப்புகளும் பண்ணை வீடுகளும் சேர்ந்தாலே, வரி விதிக்கும் அதிகாரமும், மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியமும், மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை நடத்தும் பள்ளிகளும் உடைய ஒரு மாவட்டம் உருவாகிவிடும். நாடு முழுவதும் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 உள்ளன. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி, ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் தலைமை நிர்வாகியாக இருப்பவரே பள்ளிக் கண்காணிப்பாளர்.

இப்பதவி முதலில் பெருநகரங்களில் தோன்றியது. 1837-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரமும் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரமும், பெருகிவந்த பள்ளிகளை ஒருவரே மேற்பார்வையிட வேண்டும் என்று கருதி அதை ஏற்படுத்தின. கிராமப்புறங்களில் அப்போது நிலைமை வேறு: ஓர் ஆசிரியர், ஓர் அறை, எல்லா வகுப்புகளும் ஒன்றாக என்ற அமைப்பில் ஒவ்வொரு பள்ளியும் தனி மாவட்டமாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் இருந்தன. 1914-இல் இயற்றப்பட்ட ஊரகப் பள்ளிகள் இணைப்புச் சட்டமும், இணைந்தவர்களுக்குக் கூடுதல் மானியம் அளித்த 1925-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றைப் படிப்படியாக ஒன்றுசேர்த்தன. இன்று அங்கு எஞ்சியிருப்பவை சுமார் 700. இரண்டு மூன்று ஊர்ப் பெயர்களை இணைகோடிட்டுச் சேர்த்து நீளமாக எழுதப்படும் மாவட்டப் பெயர்கள் பலவும் இந்த இணைப்புகளின் எச்சமே.

நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் மாவட்டத்தின் வாரியத்தில் ஐந்து, ஏழு அல்லது ஒன்பது உறுப்பினர்கள் இருப்பர். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பால்பண்ணை நடத்துபவரும் செவிலியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அண்டை வீட்டாரின் வாக்குகளால் அந்த மேசைக்கு வருகிறார்கள். கொள்கை வகுப்பதும், வரவுசெலவுத் திட்டத்தை ஏற்பதும், கண்காணிப்பாளரை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஒப்பந்தத்தில் அமர்த்துவதும் வாரியத்தின் வேலை. அன்றாட நிர்வாகம் முழுவதும் கண்காணிப்பாளருடையது. ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் வாரியத்துக்கே என்றாலும், கண்காணிப்பாளர் பரிந்துரைக்காத ஒருவரை அது தானாக நியமித்துவிட முடியாது. இந்த எல்லைக்கோடு காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் வாரிய உறுப்பினரின் மகள் படிக்கும் வகுப்பின் ஆசிரியரைப் பற்றிய புகார் மளிகைக் கடை வரிசையிலேயே கண்காணிப்பாளரின் காதுக்கு வரும் ஊரில், அக்கோட்டை யாரையும் புண்படுத்தாமல் காப்பது தினந்தோறும் செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. பெரிய மாவட்டங்களில் நிதி, பாடத்திட்டம், பணியாளர் நலன் என ஒவ்வொன்றுக்கும் துணைக் கண்காணிப்பாளர் இருப்பார். சிறிய மாவட்டத்தில் ஒரு கணக்கு மேலாளரையும் ஓரிரு பள்ளித் தலைவர்களையும் தவிர, எல்லாப் பொறுப்பும் ஒருவர் மேசையில்தான் வந்து விழும்.

இந்தப் பதவியின் உள்ளியல்பு அதன் நிதியாண்டில்தான் புலப்படுகிறது. பள்ளிக்கான பணம் முதன்மையாக இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது: ஊரில் உள்ள வீடு, நிலம், கடை ஆகியவற்றின் மதிப்பைக் கணக்கிட்டு விதிக்கப்படும் சொத்து வரி ஒன்று, மாநில அரசின் மானியம் மற்றொன்று. மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். ஜனவரியில் ஆளுநர் தம் உத்தேசத் திட்டத்தை வெளியிடும்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு மானியம் என்ற பட்டியலும் உடன் வரும். கண்காணிப்பாளர் அதை வைத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்குகிறார். மார்ச் முதல் நாளுக்குள் வரி உச்சவரம்புக் கணக்கை மாநிலத் தணிக்கைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். ஏப்ரலில் வாரியம் திட்டத்தை ஏற்க வேண்டும். மே மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை அது ஊர் மக்களின் வாக்குக்குப் போக வேண்டும். மாநில வரவுசெலவுத் திட்டம் ஏப்ரல் முதல் நாளுக்குள் நிறைவேற வேண்டும் என்பது விதி. ஆனால் 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அது மே மாதத்தில்தான் நிறைவேறியது. மானியம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாமலேயே, இவ்வளவு வரி கேட்கிறோம் என்று மக்கள் முன் நிற்க வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது.

மக்கள் நேரடியாக வாக்களித்துப் பள்ளியின் செலவை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் இந்த முறை கூர்ந்து பார்க்கத் தக்கது. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்திலோ நூலகத்திலோ வாக்குச்சாவடி அமைக்கப்பட்டு, இரவிலேயே முடிவு அறிவிக்கப்படும். புதிய பேருந்து வாங்குவதற்கான தீர்மானம் பெரும்பாலும் தனியாக வாக்குக்கு விடப்படும். 2011-இல் வந்த வரி உச்சவரம்புச் சட்டத்தின்படி, மொத்த வரி வசூல் ஆண்டுக்கு 2 விழுக்காடு அல்லது பணவீக்க விகிதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கே, சில விலக்குகளுடன், உயரலாம். அதற்கு மேல் கேட்டால் சாதாரணப் பெரும்பான்மை போதாது. 60 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும். மே மாதத்தில் தோற்ற திட்டத்தை ஜூன் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை மீண்டும் ஒருமுறை முன்வைக்கலாம். அதுவும் தோற்றால் மாவட்டம் தற்செயல் திட்டம் எனப்படும் நெருக்கடித் திட்டத்துக்குள் போய்விடுகிறது: வரி வசூல் முந்தைய ஆண்டைவிட ஒரு டாலர்கூட உயரக் கூடாது, அத்தியாவசியமற்ற கருவிகள் வாங்கக் கூடாது, பள்ளிக் கட்டடத்தை ஊராருக்கு இலவசமாகத் தரக் கூடாது. ஒப்பந்தப்படியான சம்பள உயர்வும் மருத்துவக் காப்பீட்டுச் செலவும் மட்டும் வழக்கம்போல ஏறிக்கொண்டே இருக்கும். எனவே இசை ஆசிரியரோ நூலகரோ இளையோர் விளையாட்டு அணியோ போயாக வேண்டும்.

ஆகவே தேர்ந்த கண்காணிப்பாளர் மே மாதத்துக்காகச் செப்டம்பரிலேயே உழைக்கத் தொடங்குகிறார். முதியோர் மன்றத்திலும் தீயணைப்புத் தொண்டர் கூடத்திலும் பேசுவதும், குழந்தைகள் இல்லாத வீட்டாருக்கும் கணக்கை ஒளிவுமறைவின்றி விளக்குவதும் அவருக்கு உபசாரமல்ல, நிர்வாகத்தின் முதல் கடமை. அவருடைய சம்பளமே திட்ட அறிக்கையோடு சட்டப்படி வெளியிடப்படுவதால், வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஆசிரியர் சங்கத்துடன் நடத்தும் பேச்சுவார்த்தையும் இதே வெளிச்சத்தில்தான் நடக்கிறது. 1967-ஆம் ஆண்டின் டெய்லர் சட்டம் அரசுப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. அதற்கு ஈடாக, பழைய ஒப்பந்தம் காலாவதியானாலும் புதியது கையெழுத்தாகும்வரை அதன் நிபந்தனைகள் தொடரும் என்று 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதியளிக்கிறது. இருதரப்பும் ஒரே ஊரில் வாழப்போகிறவர்கள் என்பதை மறந்து நடத்தப்படும் பேச்சுவார்த்தையின் கசப்பு, ஒப்பந்தத்தைவிட நீண்ட காலம் நிலைத்துவிடும்.

வடக்கு நியூயார்க்கின் பல ஊர்களில் மாணவர் எண்ணிக்கை பல ஆண்டுகளாகவே குறைந்துவருகிறது. குறைந்த பிள்ளைகளுக்குக் குறைந்த செலவு என்பது எளிதாகத் தோன்றும் தவறான கணக்கு. 24 பேர் இருந்த வகுப்பில் 20 பேர் ஆனால் ஆசிரியர் ஒருவர் வேண்டாம் என்று ஆகிவிடாது. அதே அறையைச் சூடேற்ற வேண்டும், அதே பேருந்து அதே மலைப்பாதையில் ஓட வேண்டும். மறுபுறம், 1975-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி, மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தகுந்த கல்வியைக் கட்டணமின்றி அளிப்பது மாவட்டத்தின் கடமை. தீவிரக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை ஒன்று புதிதாகக் குடியேறினாலே சிறிய மாவட்டத்தின் ஆண்டுத் திட்டம் ஆட்டம் காணக்கூடும். அக்குழந்தைக்குரியதை மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கூடுதல் செலவில் 40 விழுக்காடுவரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு, அந்த அளவை ஒருமுறைகூட எட்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2007-இல் வகுக்கப்பட்ட அடிப்படை மானியச் சூத்திரமும், எந்த மாவட்டத்துக்கும் முந்தைய ஆண்டைவிடக் குறையாது என்று உறுதியளிக்கும் பாதுகாப்பு விதியும் சிற்றூர்களுக்கு உயிர்நாடியாகின்றன. பிள்ளைகள் குறைந்துவிட்ட பிறகும் பழைய தொகை ஏன் என்று கேட்ட ஆளுநர் கேத்தி ஹோக்குல், 2024 ஜனவரியில் அவ்விதியை நீக்க முன்மொழிந்தார். ஊரகக் கண்காணிப்பாளர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது.

பேருந்தைப் பற்றி இங்கு விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிராமப்புறத்தில் பள்ளி நாள் அதில்தான் தொடங்குகிறது. இன்று உலகம் அறிந்த மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தின் வண்ணமும் அளவுகளும் 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் நடந்த மாநாட்டில் முடிவாயின. அதைக் கூட்டிய ஃபிராங்க் சைர், நெப்ராஸ்கா மாநிலச் சிற்றூர் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தவர். ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டுப்பகுதியில், ஏரியின் ஈரக்காற்று பனியாகக் கொட்டும் மாதங்களில், அந்தப் பேருந்துகளைச் சாலைக்கு அனுப்பலாமா என்று விடியுமுன் தீர்மானிப்பவர் கண்காணிப்பாளர்தான். அவர் நெடுஞ்சாலைத் துறையின் பனி அகற்றும் குழுவினருடன் பேசுவார். சில வேளைகளில் தாமே இருட்டில் வண்டியோட்டிச் சாலையைப் பார்ப்பார். விடுமுறை விட்டால், வேலைக்குப் போகும் பெற்றோர் தவிப்பர். பள்ளி உணவை நம்பியிருக்கும் குழந்தைக்கு அன்று காலையுணவும் மதிய உணவும் இல்லை. மானியம் பெறத் தேவையான 180 நாள்களிலும் ஒன்று குறைகிறது. விடாவிட்டால், வளைவில் சறுக்கும் ஒரு பேருந்துக்கு அவரே பொறுப்பு. மின்சாரப் பேருந்துகளுக்கு மாற வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு மாநில ஆணையைச் சிற்றூர்கள் கவலையோடு பார்ப்பதற்கும் கடுங்குளிரும் நீண்ட தொலைவும்தான் காரணம்.

மாநிலத்தின் ஆணைக்கும் ஊரின் உணர்வுக்கும் இடையில் நிற்பது இப்பதவியின் இன்னொரு சோதனை. வெர்மான்ட் எல்லையை ஒட்டிய கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரின் பள்ளி அணிகள் நெடுங்காலம் பூர்வகுடி மக்களைக் குறிக்கும் பெயரையும் சின்னத்தையும் தாங்கியிருந்தன. 2021 ஜூனில் வாரியம் அவற்றைக் கைவிட முடிவு செய்தது. அடுத்த மாதமே உறுப்பினர் மாறியதும் அம்முடிவு தலைகீழானது. மாநிலக் கல்வி ஆணையர் பெட்டி ரோசா தலையிட்டுச் சின்னத்தை நீக்க ஆணையிட்டார். நீதிமன்றம் அதை 2022-இல் உறுதிசெய்தது. 2023-இல் மாநிலம் முழுவதற்குமே அத்தகைய சின்னங்கள் விலக்கப்பட்டன. இப்படிப்பட்ட வேளைகளில், தாம் இயற்றாத ஆணையை, அதை வெறுக்கும் பெற்றோரிடமும் வரவேற்கும் பெற்றோரிடமும் ஒரே குரலில் விளக்கி நிறைவேற்ற வேண்டியவர் கண்காணிப்பாளரே.

சிறுமையின் குறையை ஈடுகட்ட 1948-இல் நியூயார்க் கண்ட வழி பாராட்டத் தக்கது. போசீஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டுறவுக் கல்விச் சேவை வாரியங்கள் வழியாக, பல மாவட்டங்கள் சேர்ந்து ஒரு வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சிக் கூடத்தையோ, செவிலியர் உதவியாளர் வகுப்பையோ, சிறப்புக் கல்வி ஆசிரியரையோ பகிர்ந்துகொள்கின்றன. செலவில் ஒரு பங்கை மாநிலம் மறு ஆண்டு திருப்பித் தருகிறது. முழு இணைப்பு அவ்வளவு எளிதல்ல. இணையும் மாவட்டங்களுக்கு 14 ஆண்டுகள் கூடுதல் மானியம் உண்டு என்றாலும், ஒவ்வோர் ஊரும் தனித்தனியே வாக்களித்து ஏற்க வேண்டும். தம் ஊரின் பெயரும் மேல்நிலைப் பள்ளியும் வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்தும் ஒரே நாளில் போய்விடும் என்று அஞ்சும் மக்கள் பலமுறை மறுத்திருக்கிறார்கள். அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது தவறு: பள்ளி போன சிற்றூரில் கூடுவதற்கு வேறு பொதுவிடம் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

ஊராரின் நம்பிக்கையை உழைத்துச் சேர்த்துக்கொள்ள ஒரு நல்ல கண்காணிப்பாளரால் முடியும். ஊரின் சொத்து மதிப்பை உயர்த்த அவரால் முடியாது. ஏரிக்கரையில் விடுமுறை மாளிகைகள் நிற்கும் மாவட்டம் சிறு வரி விகிதத்தில் திரட்டும் தொகையை, ஆலை மூடப்பட்ட ஊர் இருமடங்கு விகிதம் விதித்தும் திரட்ட இயலாது. இந்த ஏற்றத்தாழ்வைக் கல்வி நிர்வாகிகளின் திறமையால் மூடிவிடலாம் என்று எதிர்பார்ப்பது அநீதி. அதைத் தீர்க்க வேண்டியது மாநில அரசு. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ வழக்கில், கல்வி மத்திய அரசமைப்பின் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததால், பெற்றோர்கள் மாநில நீதிமன்றங்களையே நாட வேண்டியிருக்கிறது. ஜேம்ஸ்டவுன், போர்ட் ஜெர்விஸ், யூட்டிகா உள்ளிட்ட எட்டுச் சிறு நகர மாவட்டங்களின் பெற்றோர்கள், தம் பிள்ளைகளுக்கு நியூயார்க் அரசமைப்பு உறுதியளிக்கும் அடிப்படைக் கல்வி கிடைக்கவில்லை என்று 2008-இல் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் சொன்னது சரியே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடங்கிய ஆண்டில் மழலை வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியிருந்தனர்.