எது நகல், எது மூலம்?

கணினியில் இடம் குறைந்ததும் பலர் முதலில் அழிக்க முனைவது மின்னஞ்சல் செயலியின் 'கேஷ்' சேமிப்பைத்தான். அதில் தவறில்லை, எது கேஷ், எது கடிதம் என்ற தெளிவு மட்டும் வேண்டும்.

இந்தக் கேஷ் ரொக்கமன்று. மறைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஆயினும் ரொக்கத்தோடு உறவுண்டு. வங்கிக்கு அடிக்கடி செல்லும் செலவையும், கையில் முடங்கும் பணத்தால் இழக்கும் வட்டியையும் ஒப்பிட்டு, எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்று 1952-இல் பொருளியலாளர் வில்லியம் பாமோல் கணக்கிட்டார். செயலியும் அவ்வாறே, ஒவ்வொரு முறையும் சர்வரை நாடாதிருக்க, அண்மையில் திறந்தவற்றை வட்டில் வைத்துக்கொள்கிறது. தண்டர்பேர்டின் அமைப்புகளில் இதற்கு உச்சவரம்பு விதிக்கலாம். முற்றிலும் நீக்கினாலும் சற்றுத் தாமதமே நேரும்.

கடிதங்களின் கதை வேறு. ஐமேப் முறையில் வட்டில் இருப்பது நகல், மூலம் சர்வரில். (செயலிக்குள் ஒரு கடிதத்தை அழித்தால் மூலமும் போய்விடும் என்பதை மறக்கலாகாது.) பழைய பாப் முறையிலோ, இறக்கிய கடிதம் சர்வரிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம், அப்போது வட்டில் உள்ளதே ஒரே பிரதி.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளங்களை மூழ்கடித்தது, தகவல்தொடர்பும் முடங்கியது. அத்தகைய நாளில், வட்டில் நகல் இல்லாதவரால் காப்பீட்டு ஆவணத்தைத் திறக்க இயலாது. ஒரே கணினியில் பாப் கடிதங்களை வைத்திருப்பவருக்கோ, அந்தக் கணினி மூழ்கினால் நீர் வடிந்த பின்னும் அவை கிடைக்கா. ஓய்வூதிய ஆணை போன்றவற்றை ஐமேப் கணக்குக்குப் படியெடுத்து, மற்றொரு பிரதியை வெளிவட்டில் பதிந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மேல்மாடிக்கு அனுப்பிவிடலாம்.