சருகைக் கொளுத்தாதீங்க, ஆறுமணிக்குருவி வருது!



மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும், மண்புழு பெருகும் என்பது நமக்குத் தெரிஞ்சதுதான். அதே சருகை நம்பி ஒரு குருவி பல நூறு மைல் பறந்து சென்னைக்கு வருது. அதுதான் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன்னும் சொல்வாங்க.

காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசில் அடிக்கிற மாதிரி கூப்பிடும். அதனால் இந்தப் பேர். மைனாவை விடச் சின்னது. பச்சை முதுகு, தோளில் நீலம், சந்தன நிற மார்பு, வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, குட்டை வால். ஆங்கிலத்தில் இதை 'பிட்டா' என்பது, பறவையைக் குறிக்கும் 'பிட்ட' என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரிக்கும். இலை, புல், வேர் எல்லாம் சேர்த்துப் பந்து போலக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைக்கும். மழை முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கிளம்பும். ஐப்பசி வாக்கில் கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற இடங்களில் பார்க்கலாம். சித்திரை வாக்கில் வடக்கே திரும்பிவிடும்.

ஏன் அந்த இடங்கள்? அங்கே விழுந்த இலை விழுந்த இடத்திலேயே மட்குது. இந்தக் குருவி கிளையில் இரை தேடாது. தரையில் தத்தித் தத்திப் போய், அலகால் சருகைப் புரட்டி, அடியில் இருக்கிற புழு பூச்சியைத் தின்னும். வடகிழக்கு மழையில் சருகு நனைந்து மண் இளகி இருக்கும்போது அதுக்கு விருந்துதான்.

மயிலாப்பூர், தி.நகர் பழைய வீடுகளில் மாவும் பலாவும் நின்ற கொல்லைகள் இருந்தன. இன்றைக்கு முக்கால்வாசி சிமெண்ட் தரை. மிச்சமிருக்கும் மரத்தடியையும் தினமும் கூட்டிப் பெருக்கிக் கொளுத்துகிறோம். மரம் இருந்தும் பறவைக்குச் சோறு இல்லை.

என் அடையாறு வீட்டுத் தோட்டத்தில் மாமரத்தடிச் சருகை அள்ளுவதே கிடையாது. "மண்புழுவையும் தின்னுடுமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். தின்னும்தான். ஆனால் மூடாக்கு இருக்கிற மண்ணில் புழுவுக்குப் பஞ்சம் வராது.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

• புரட்டாசி முதல் சித்திரை வரை தோப்பில் ஒரு நிழல் மூலையையாவது கூட்டாமல் விடுங்க.

• அங்கே பூச்சிக்கொல்லி வேண்டாம். பூனை நடமாட்டத்தையும் கவனிங்க.

• இரவில் பறந்து வரும் குருவி களைத்தோ, கண்ணாடியில் மோதியோ விழுந்து கிடந்தால், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்க. வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. தெளிந்ததும் மரத்தடியில் விட்டுடுங்க. அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.