சில்லறைக் காசு பொம்மை, முப்பது டாலர் பெட்டி

பண்டிகைச் சரக்கில் கை வைக்காத வியாபாரி கிடையாது. நாள் தாண்டினால் அந்தச் சரக்கை யாரும் கேட்க மாட்டார்கள். நாளுக்கு முன் கையிருப்பு இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்பனையாகும் ஒரு சின்னப் பொம்மையின் வரலாறு இந்த வியாபாரத்தைப் பற்றி நமக்குச் சில பாடங்களைச் சொல்கிறது.

அந்தப் பொம்மைக்கு 'எல்ஃப்' என்று பெயர். ஐரோப்பாவின் பழங்கதைகளில் வரும் குறும்புக்காரக் குள்ள உருவம் இது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பத்திரிகைகளும் கதைகளும் இதைக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறையில் பொம்மை செய்யும் வேலையாளாக மாற்றிவிட்டன.

ஜப்பானிலிருந்து வந்த சரக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானுக்கு அந்நியச் செலாவணி அவசரமாகத் தேவைப்பட்டது. கைவேலை மிகுந்த பொம்மைகளையும் அலங்காரப் பொருள்களையும் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிலையாக இருந்தது. ஜப்பானியச் சரக்கு மலிவாக இறங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1950களிலும் 60களிலும் அப்படி வந்து குவிந்தவைதான் இந்த எல்ஃப் பொம்மைகள். உடல் சிவப்பு, பச்சை ஃபெல்ட் துணி. முகம் பெரும்பாலும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர். தலையில் கூர்க் குல்லா. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலமாரியிலும் வைக்கலாம், மரத்திலும் தொங்கவிடலாம். வூல்வொர்த் போன்ற மலிவு விலைக் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த ரகம் இது.

பல பட்டறைகள் ஒரே மாதிரியாகச் செய்த சரக்கு என்பதால், யார் தயாரிப்பு என்று வாங்கியவர் கேட்கவில்லை. 'ஜப்பான்' என்ற சிறு சீட்டு ஒட்டியிருந்தால் உண்டு. 1971க்குப் பின் யென் மதிப்பு ஏறவே, இந்த மாதிரி மலிவுச் சரக்கின் தயாரிப்பு ஹாங்காங், தைவான், பிறகு சீனா என்று இடம் மாறியது. வூல்வொர்த் நிறுவனமும் 1997இல் அமெரிக்காவிலிருந்த தன் மலிவு விலைக் கடைகளை மூடிவிட்டது.

ஆனால் வீடுகளுக்குள் போன பொம்மைகள் அங்கேயே தங்கின. ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து வைத்து, மறுபடி பெட்டியில் போடுவார்கள். பாட்டி வீட்டில் பார்த்த அதே முகத்தைத் தேடும் பேரப்பிள்ளைகள் இன்று பழம்பொருள் கடைகளில் நல்ல விலை கொடுக்கிறார்கள்.

சரக்கு பழையது, கட்டு புதியது

கரோல் ஏபர்சோல்ட் என்ற அமெரிக்கத் தாய் 1970களில் தன் வீட்டிலிருந்த இத்தகைய பொம்மைக்கு ஃபிஸ்பீ என்று பெயர் வைத்திருந்தார். 'இவன் உங்கள் நடத்தையைக் கவனித்துத் தாத்தாவிடம் சொல்வான்' என்று பிள்ளைகளிடம் சொல்வார். பின்னாளில் மகள் சாண்டா பெல்லுடன் சேர்ந்து அந்த வழக்கத்தை ஒரு கதையாக எழுதினார். பதிப்பாளர்கள் ஏற்கவில்லை. 2005இல் தாமே அச்சிட்டு, புத்தகத்தையும் பொம்மையையும் ஒரே பெட்டியில் வைத்து விற்பனைக்கு இறக்கினார்கள். இன்னொரு மகள் கிறிஸ்டா பிட்ஸ் வியாபாரத்தைக் கவனித்தார். 'எல்ஃப் ஆன் தி ஷெல்ஃப்' என்ற அந்தப் பெட்டியின் விலை சுமார் 30 டாலர்.

பொம்மையின் உருவம் பழையதுதான். புதிதாக வைத்தவை மூன்று விதிகள்: குடும்பம் அதற்குப் பெயர் சூட்ட வேண்டும், பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது, இரவில் அது தாத்தாவிடம் போய்விட்டு, காலையில் வீட்டில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதுதான் பிள்ளைகளின் வேலை. 2011இல் தொலைக்காட்சிப் படம், 2012இல் நியூயார்க் மேசிஸ் ஊர்வலத்தில் பெரிய பலூன் என்று வளர்ந்து, பெட்டிகள் லட்சக்கணக்கில் விற்றன. பொம்மையை ஒரு வீடு ஒருமுறைதான் வாங்கும். ஆகவே அதற்கு உடை, வளர்ப்புப் பிராணி என்று துணைச் சரக்குகளும் வந்தன.

மறுபக்கமும் உண்டு

தினமும் இரவில் பொம்மையை இடம் மாற்றுவது பெற்றோருக்கு ஒரு வேலையாகிவிட்டது. மறந்துவிட்டால் காலையில் பிள்ளைக்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பொம்மை மாவைக் கொட்டிக் குறும்பு செய்தால், நம் வீட்டுப் பொம்மை சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்ற போட்டி வேறு. 2014இல் லாரா பின்டோ என்ற கனடா நாட்டுக் கல்வியாளர், எப்போதும் ஒருவர் நம்மைக் கண்காணிப்பது சாதாரண விஷயம் என்று இது பிள்ளைகளைப் பழக்குகிறது எனக் கண்டித்து எழுதினார். பிள்ளை மகிழ வந்த பொம்மை பிள்ளையை மிரட்டும் கருவியாகக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது.

நமக்கு என்ன?

விலை ஒன்றையே நம்பி விற்ற சரக்கை, அதைவிட மலிவான சரக்கு வந்து தள்ளிவிடும். வழக்கத்தோடு சேர்ந்த சரக்கை அப்படித் தள்ள முடியாது. நம் கடைகளிலும் டிசம்பரில் காகித நட்சத்திரமும் குடில் சொரூபங்களும் கேக் சாமான்களும் விற்கிறோம். எந்த வீட்டில் எந்த நாளில் நட்சத்திரம் கட்டுவார்கள், குடிலில் எந்தச் சொரூபம் உடைந்து போயிருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கும் கடைக்காரரைத் தேடி வாடிக்கையாளர் மறுவருடமும் வருவார். பெரிய கடையின் தள்ளுபடிச் சீட்டுக்கு அந்த விவரம் தெரியாது.

அதே சமயம், இல்லாத வழக்கத்தைத் திணித்து, வாங்க வசதியில்லாத தகப்பனைப் பிள்ளை முன் தலைகுனிய வைக்கும் வியாபாரம் நமக்கு வேண்டாம். அமெரிக்க வீடுகளில் அந்த ஜப்பான் பொம்மை மூன்று தலைமுறை நிலைத்ததற்குக் காரணம், ஏழை வீட்டாரும் அதை வாங்க முடிந்ததுதான். பண்டிகைக் கொள்முதல் செய்யும்போது, உயர்ந்த ரகத்தோடு எளிய ரகமும் நம் கடையில் இருக்கட்டும்.