தலைப்பாகையும் நிறமூர்த்தமும்

கொழும்பிலிருந்து வரும் புகைவண்டி தெமோதரை நிலையத்தில் நின்று புறப்பட்டு, ஒரு குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்தின் வழியே பதுளையை நோக்கிச் செல்கிறது. 44 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவு கூடாதென்ற நியதிக்குக் கட்டுப்பட்ட பாதையை இத்தனை செங்குத்தான மலையில் எவ்விதம் இறக்குவதென்று எந்திரிகள் திகைத்திருந்த வேளையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்தே இந்த உபாயம் பிறந்ததென்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1924ஆம் ஆண்டு பதுளையை எட்டிய அப்பாதையின் இருமருங்கும் நிற்கும் தேயிலையின் ஒவ்வோர் இலைக்குள்ளும் அந்தத் தலைப்பாகைக் கட்டும் அந்த வளையமும் எண்ணிலடங்காமல் இருக்கின்றன.

கொழுந்தில் ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். அதன் பரம்பரைச் செய்தி ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளாலானது. அது இருபடியாக இருப்பதால், ஒரு கலத்தின் 30 நிறமூர்த்தங்களிலுமுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி முனையோடு முனை சேர்த்தால் சுமார் இரண்டு மீற்றர் வரும். அதனை அடக்கும் கருவோ, ஒரு மில்லிமீற்றரை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே விட்டமுடையது. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் கூடிய உருண்டையொன்றின்மேல் 147 எழுத்திணைகள் நீளத்துக்கு, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக இழை சுற்றிக்கொண்டு, சிறிது தூரம் வெறுமனே ஓடி, அடுத்த உருண்டையைச் சுற்றுகிறது. இதன் அடிப்படையை 1974இல் ரோஜர் கோர்ன்பேர்க் எடுத்துரைத்தார். நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று தாறுமாறாகக் கலவாமல் கருவுக்குள் தத்தமக்குரிய பிரதேசத்தில் தங்குகின்றன என்பதையோ, 1909இலேயே ஜெர்மானிய அறிஞர் போவெரி ஊகித்திருந்தார்.

ஆயினும் இடச் சிக்கனம் ஒன்றே இச்சுருளின் பயனென்று எண்ணிவிடலாகாது. தெமோதரை மேடையில் நின்று பாருங்கள். கையசைத்து வழியனுப்பிய வண்டி குன்றுக்கு அப்பால் மறைந்து, அதன் கூவலும் தேய்ந்து, சில நிமிஷங்கள் சென்றபின் காலடியிலே தண்டவாளம் அதிரும் ஓசை எழும். தண்டவாளத்தின் கணக்கில் தொலைவிலிருப்பது வானத்தின் கணக்கில் பக்கத்திலிருக்கிறது. கருவிலும் இதுவே நிகழ்கிறது. ஊவாச் சேனைகளில் விளையும் சோளத்துக்கு ஊதா நிறம் தரும் பரம்பரையலகு ஒன்றுண்டு. அதனை ஏவுகின்ற பகுதி அதிலிருந்து சுமார் ஒரு லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் கிடக்கிறது. நிறம் பெருகும் திசுவிலே இழை வளைந்து, ஏவும் பகுதி பரம்பரையலகின் தொடக்கத்தைத் தொடுவதை 2009இல் ஹாலந்து ஆய்வாளர்கள் காட்டினர். சுருளின் வடிவமே கட்டளையின் ஒரு பகுதியாகிறது என்பதைத்தான் நான் இங்கு வற்புறுத்த விரும்புகிறேன்.

வளையங்களை இடுவது யார்? மோதிரம் போன்ற புரதங்கள். கொண்டென்சின் என்னும் அத்தகைய புரதம் ஒன்று இழையைப் பற்றி, கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பதுபோல உள்ளிழுத்து, விநாடிக்கு 1,500 எழுத்திணைகள் வரையில் வளையத்தைப் பெருக்குவதை, 2018இல் டெல்ஃப்ட் நகரத்து ஆய்வாளர்கள் நுண்காட்டியில் நேரே கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த புரதம். அதன் இனத்தவை செடிகளிலும் உள்ளன.

இழை ஓரிடத்திலே உறைந்து கிடப்பதுமில்லை. கடுகின் உறவினமான அரபிடோப்சிஸ் என்னும் சிறு செடியை இருளில் முளைக்க வைத்து, பின்னர் அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், ஒளியைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்குரிய பரம்பரையலகு கருவின் உட்புறத்திலிருந்து புறப்பட்டு, அப்புரதத்தின் ஆக்கம் உச்சநிலையை அடையுமுன்னரே, கருவின் விளிம்பருகே வந்து சேர்கிறது. 2014இல் வெளியான இச்செய்தியை வாசித்த நாளிலிருந்து, தவறணையில் நிழற்பந்தலைச் சிறிது சிறிதாக விலக்கி இளங்கன்றுகளை வெயிலுக்குப் பழக்கும்போதெல்லாம், அவ்விலைகளுக்குள் எது எங்கே நகர்கின்றதோ என்று குனிந்து பாராமல் என்னால் கடந்துபோக முடிவதில்லை.