பள்ளத்தைக் காட்டிக் கொடுக்கும் கைபேசி

கைபேசியைச் சாய்த்தால் திரையும் கூடவே திரும்புகிறதே, அது முடுக்கமானி என்ற சில்லின் வேலை. சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று அதற்குள் அசைந்துகொடுக்கும். அந்த அசைவு மின் சமிக்ஞையாகிவிடும். மேசையில் சும்மா கிடக்கும்போதும் அது புவியீர்ப்பின் 9.8 மீ/வி² என்ற அளவைக் காட்டிக்கொண்டிருக்கும். அதே கைபேசி வண்டியில் இருக்க, சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் எண் எகிறும். எகிறிய இடத்தை ஜிபிஎஸ் குறித்துக்கொள்ளும்.

கேட்க எளிதுதான். ஆனால் வேகத்தடையும் வண்டியைத் தூக்கிப் போடுகிறதே, எப்படிப் பிரித்தறிவது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2008-இல் பாஸ்டனில் 7 டாக்ஸிகளில் உணரிகளைப் பொருத்தி இதற்கு விடை தேடினார்கள். வேகத்தடையையோ ரயில்வே கேட்டையோ தாண்டும்போது இரு பக்கச் சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும். பள்ளத்தில் பெரும்பாலும் ஒரு பக்கச் சக்கரம்தான் விழும்; அதனால் வண்டி பக்கவாட்டிலும் ஆடும். அந்த ஆட்டமே துப்பு.

அதே ஆண்டு பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 'நெரிசெல்' என்ற திட்டத்தில் கைபேசியையே உணரியாக்கியது. சட்டைப் பையில் எப்படிக் கோணலாகக் கிடந்தாலும், எது மேல், எது முன் என்று புவியீர்ப்பையும் பிரேக் பிடிக்கும்போது வேகம் குறைவதையும் வைத்து மென்பொருள் கணித்துக்கொள்ளும். நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி பள்ளத்தில் மெல்ல இறங்கும், சுளீரென்ற அதிர்வு வராது. ஆகவே 25 கி.மீ. வேகத்துக்குக் கீழே இன்னொரு கணக்கு. ஹாரன் சத்தத்தைக் கேட்டு நெரிசலை ஊகிக்கவும் மைக் பயன்பட்டது.

பாஸ்டன் மாநகராட்சி 2012-இல், வண்டியின் குலுக்கலைப் பதியும் 'ஸ்ட்ரீட் பம்ப்' செயலியைப் பொதுமக்களிடம் கொடுத்தது. குலுக்கல்களை ஆராய்ந்தபோது, பள்ளங்களைவிட, சாலை மட்டத்துக்குச் சரியாகப் பொருந்தாத பாதாளச் சாக்கடை மூடிகள் போன்றவையே அதிகம் படுத்துவது தெரியவந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது: காரும் ஸ்மார்ட்போனும் குறைவாக உள்ள பகுதிகளிலிருந்து தகவல் வராது, அங்குள்ள சாலைகள் வரைபடத்தில் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால்தான் எல்லாப் பகுதிகளுக்கும் போகும் சாலை ஆய்வாளர்களிடம் செயலி முதலில் தரப்பட்டது.

பள்ளம் இருப்பது தெரிந்த ஓட்டுநர் வளைத்து ஓட்டிவிடுவார். கைபேசிக்கு எதுவும் தெரியாது. எனவே ஒரு வண்டியின் பதிவு போதாது, பல வண்டிகள் பல முறை போக வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே பொதுப் பேருந்துகளில் உணரி வைக்கும் யோசனையை முன்வைத்தார்கள். எந்த மாநகராட்சி இதில் இறங்கினாலும், பேருந்திலும் சந்துபொந்தெல்லாம் நுழையும் குப்பை வண்டியிலும் தொடங்குவதே சரி.